கேட்காமல் சொன்ன சரி

கட்டி என்றுதான் சொன்னாளா. கட்டி, வட்டி, சட்டி, பட்டி, எதுவாகவும் இருக்கலாம். எனக்கு எட்டியது நடுவில் அழுத்தி விழுந்த அந்த 'ட்' ஒன்றுதான், அதற்கு முன்னால் இருந்த எழுத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. காற்றின் மேல் பழி போடுகிறேன். ஆடி மாதத்துக் கச்சான் காற்று தூத்துக்குடியில் எதை வேண்டுமானாலும் அடித்துக்கொண்டு போகும், உப்பளத்து நுரையை, கொடியில் காயும் வேட்டியை, நேற்று சாயங்காலம் முத்தையாபுரத்து வாடகை வீட்டின் மொட்டை மாடியில் நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றபோது திருச்சியிலிருந்து என் மனைவி மங்கையர்க்கரசி சொன்ன ஒரு வாக்கியத்தை. இல்லை, காற்று ஒன்றும் செய்யவில்லை. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அவள் நெடுநேரம் பேசினாள். இடையில் 'தனியா' என்று ஒரு சொல் வந்தது, அல்லது மணியா, பணியா, அந்த 'னியா' மட்டும் வந்தது. கடைசியில் குரல் மேலே ஏறி நின்றது, கேள்வி என்று புரிந்தது. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் சொன்ன பதில் மட்டும் பிசிறில்லாமல் நினைவிருக்கிறது, நம் குரல் நமக்கு எலும்பு வழியாகக் கேட்குமாம், "சரி மங்கை, அப்படியே செஞ்சிடு." எதை? எதைச் செய்யச் சொன்னேன்? அவள் உடனே போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் இருந்தது, அல்லது அது காற்றின் இரைச்சல். பிறகு சின்னதாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். காலையில் எழுந்ததும் எப்போதும் ஒரு செய்தி வரும், சாப்டாச்சா என்று, ஒரு நாள் தவறியதில்லை. இன்று வரவில்லை.

சைலோவின் உச்சியில் நிற்கிறேன். உச்சி என்பதும் சரியில்லை, உச்சி இன்னும் வரவில்லை, நாங்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்துக்கொண்டு சுவர் வளர்ந்துகொண்டிருக்கிறது. கப்பலில் வந்து இறங்கும் கோதுமையையும் மக்காச்சோளத்தையும் கொட்டி வைக்கத் துறைமுகத்தின் ஓரத்தில் வட்ட வட்டமாக மூன்று கான்கிரீட் குதிர்கள் கட்டுகிறோம், இது மூன்றாவது. சுவருக்கான இரும்பு அச்சு ஜாக்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும், மேலே கான்கிரீட் கொட்டக் கொட்ட ஜாக்கிகள் கம்பியைப் பிடித்து மேலே ஏறும், அச்சும் ஏறும், அச்சோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பலகைத் தளமும் அதன்மேல் நிற்கும் நாங்களும் ஏறுவோம். ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முயல் தீவின் கலங்கரை விளக்கம் காலையில் நின்றதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது, இரவு பகல் கிடையாது, நிறுத்தினால் கான்கிரீட் அச்சைக் கவ்விக்கொள்ளும், கவ்வின இடத்தில் சுவரில் ஒரு கோடு விழும், அந்தக் கோட்டின் வழியாக ஈரம் புகும், தானியம் பூசணம் பிடிக்கும். நிறுத்தக் கூடாது என்பதால்தான் எங்களைப் போன்றவர்களை வைத்திருக்கிறார்கள். கனகசபாபதி இருக்கிற இடத்தில் அச்சு நிற்காது என்று என்னைப் பற்றிக் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. பாராதீப், காண்ட்லா, விசாகப்பட்டினம், எங்கே குதிர் எழும்பினாலும் அங்கே நான் இருந்தேன். திருச்சியில் இருந்தது மங்கை. அவளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை, நிரந்தர உத்தியோகம், அதை விட்டுவிட்டு உப்புக்காற்றில் ஊர் ஊராக என் பின்னால் வரச் சொல்ல எனக்கும் மனமில்லை அவளுக்கும் மனமில்லை. பிள்ளையும் இல்லை. பிள்ளை இருந்திருந்தால் யாராவது ஒருவர் வேலையை விட்டிருப்போம். ஆகையால் எங்கள் குடித்தனம் போனில் நடந்தது. சிரிப்பாக இருக்கும், ஆனால் அது குறைபட்ட குடித்தனம் இல்லை. அவள் குரல் அப்படிப்பட்டது. வேலையில் பழகின குரல், ஒவ்வொரு எழுத்தையும் கழுவித் துடைத்து எடுத்து வைக்கிற மாதிரிப் பேசுவாள். காண்ட்லாவில் ஒரு மழைக்காலம், தகரக் கொட்டகையில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது அந்தக் குரல் வந்து நெற்றியில் கை வைத்த மாதிரி இருந்தது, நிஜமாகவே கையைத் தேடினேன்.

அந்தக் குரல் எப்போது கரைய ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரே நாளில் போயிருந்தால் பதறியிருப்பேன். முதலில் குருவி போயிற்று. முத்தையாபுரத்தில் குருவியே இல்லையே என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மின்கம்பியைக் காட்டினார், வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பிறகு குக்கர் விசில். பிறகு பெண்களின் பேச்சில் ச, க, ப, த எல்லாம் உதிர்ந்து, அ, இ, உ மட்டும் மிஞ்சி, தமிழே எனக்குத் தெரியாத வேறு ஏதோ பாஷை மாதிரி ஆகிவிட்டது. திருநெல்வேலியில் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார், கம்ப்ரசர், வைப்ரேட்டர், இத்தனை வருஷ இரைச்சல், போனது போனதுதான், காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொண்டேன். இந்த உயரத்தில் காற்றடித்தால் அந்த மெஷினுக்குள் கடலே புகுந்துகொள்கிறது, ஹெல்மெட் வாரில் உரசி அலறுகிறது, கீழே வந்து போனை ஒட்டினாலும் அலறுகிறது, அதைவிட, காதில் அதைப் பார்த்தால் யார் என்னை மேலே ஏற விடுவார்கள். அலமாரியில் கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இந்தத் தளத்தின் மேல் நான் செவிடன் என்று ஒருவருக்கும் தெரியாது. ஜாக்கிக்கு எண்ணெய் தள்ளும் பம்பும் கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டரும் ஓடும்போது இங்கே எல்லோரும் செவிடர்கள்தான், எல்லோரும் கையைக் காட்டித்தான் பேசுகிறோம், எல்லோரும் மற்றவன் வாயைப் பார்க்கிறோம். ஒடிசாக்காரப் பையன்கள் இந்தியில் கத்துவதும் மற்றவர்கள் தமிழில் கத்துவதும் எனக்கு ஒன்றுதான். வாக்கிடாக்கியை உதவிப் பொறியாளர் இசக்கிராஜிடம் கொடுத்து, நீயே பேசிப் பழகு தம்பி என்று சொல்லிவிட்டேன், அவன் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கீழே இறங்கி அமைதிக்குள் போகும்போதுதான் ஆபத்து. டீக்கடையில், பஸ்ஸில், போனில்.

போனில் நான் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று உண்டு. அவள் குரல் தணிந்தால் 'ம்' சொல்வது. நீண்டால் 'ஓஹோ'. ஏறி நின்றால் 'சரி'. தினமும் நடப்பதுதானே, பால்காரன், தண்ணீர் மோட்டார், எதிர்வீட்டுக் கல்யாணம், எதற்குச் சரி சொன்னால் என்ன நஷ்டம், இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். மங்கை, எனக்குக் காது கேட்பதில்லை. எத்தனை சின்ன வாக்கியம். ஆனால் அவள் முதலில் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும், எப்போதுதான் கேட்டது என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைச் சொல்லும் குறை அது ஒன்றுதான், நான் சொல்றதை நீங்க காதுலயே போட்டுக்கிறதில்லை. அது சும்மா சொல்வது, எல்லா வீட்டிலும் சொல்வது. இப்போது அது உண்மையாகிவிட்டது என்று நானே போய் எப்படிச் சொல்வது. அதுவும் அவளிடம், குரலை வைத்தே பிழைத்தவளிடம். உன் குரல் எனக்கு இல்லை என்றால் உன்னில் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று அவள் கேட்க மாட்டாள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

அச்சுக்குக் கீழே தொங்கும் பலகையில் இறங்கிக் குனிந்து, இப்போதுதான் வெளியே வந்த சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறேன். லேசாகப் பதிய வேண்டும், ஒட்டக் கூடாது. பதிகிறது. ஒட்டவில்லை. சூடாக இருக்கிறது, கான்கிரீட் இறுகும்போது உள்ளே சூடு பிறக்கும், காய்ச்சல்காரன் முதுகு மாதிரி இருக்கும். இதற்குக் காது வேண்டாம். விரல் போதும். கட்டி என்று சொன்னாளென்றால் எங்கே. அவள் அக்கா தில்லைநாயகிக்கு இடது மார்பில் வந்தது, கோலிக்குண்டு அளவுதான், வலிக்கவில்லை என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள், சொன்னபோது சொல்லிப் பிரயோஜனமில்லை. அவளை எரித்துவிட்டு வந்த அன்று மங்கை என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது, அப்போது காது நன்றாகக் கேட்டது, எனக்கு வந்தா நான் உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவேன். முதலில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். கட்டி இருக்கு, தனியா ஆஸ்பத்திரிக்குப் போகணும், போகட்டுமா. சரி மங்கை, அப்படியே செஞ்சிடு. கடவுளே. இல்லை, அப்படி இருந்தால் குரல் உடைந்திருக்கும், உடைந்தால் எனக்குத் தெரியாதா. தெரியாது. உடையும் இடமெல்லாம் எனக்குக் கேட்காத எழுத்துகளில்தான் இருக்கிறது. வட்டியாக இருக்கலாம், பேங்கில் வட்டி குறைந்துவிட்டது என்றிருக்கலாம். பட்டியாக இருக்கலாம், அவள் பெரியப்பா வீட்டுக் கல்யாணம் ஏதாவது ஒரு பட்டியில். அதற்கு ஏன் அந்தக் கடைசி மூச்சு. ஏன் காலையில் செய்தி இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் செய்தி அடிக்க உட்கார்ந்தேன், நேற்று என்ன சொன்னாய் என்று அடித்தேன், படித்துப் பார்த்தேன், அவள் கண்ணில் அது எப்படி இருக்கும் என்று பார்த்தேன். நீ என்னிடம் உன் சாவைச் சொன்னாய், என்ன சொன்னாய் மறந்துபோச்சு என்று எழுதின மாதிரி இருந்தது. அழித்தேன். உடம்பு எப்படி இருக்கு என்று அடித்தேன். அது வேறு மாதிரி, நான் சரி என்று சொன்னதற்குப் பின் எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. அதையும் அழித்தேன். சாம்பார் சாதம் அப்படியே இருந்தது.

மேலே ஏறி வருகிறேன். வெயில் சாய்ந்திருக்கிறது, அனல் மின் நிலையத்துப் புகை கிழக்கே கடலுக்குள் வளைந்து போகிறது, காற்று கூடிவிட்டது, பலகைக்கடியில் தார்ப்பாய் படபடவென்று அடிப்பது காலுக்குத் தெரிகிறது. வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் மூன்றும் ஒரே பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆட்கள் இருப்பார்கள், சமைப்பார்கள், சண்டை போடுவார்கள், இங்கிருந்து பார்த்தால் ஆளில்லாத தகரம். நானும் அங்கிருந்து பார்த்தால் அப்படித்தான் இருப்பேன், ஒரு குதிரின் விளிம்பில் மஞ்சள் சட்டை. ஒருவேளை சட்டியோ. பொங்கல் சட்டி, மண் சட்டி, அடி பிடித்த சட்டி. சட்டி என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும். மங்கை, நீ சட்டி என்று சொல்லியிருந்தால் நான் வாழ்நாள் முழுக்க உனக்கு... எதிரே நின்ற ஒடிசாப் பையன் என்னைப் பார்க்கிறான். வைப்ரேட்டரைக் கையில் பிடித்தபடி வாயைத் திறக்கிறான், மூடுகிறான். அவன் பக்கத்தில் நிற்பவனும் திறக்கிறான். ஏன் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். இசக்கிராஜ் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுகிறான், அவன் வாய் முழுவதும் திறந்திருக்கிறது, கம்பியில் உட்கார்ந்த குருவிகள் மாதிரி எல்லார் வாயும் திறந்து திறந்து மூடுகிறது, என்ன, என்ன சொல்கிறீர்கள், நான் சரி என்று சொல்ல வேண்டுமா. யாரோ பின்னாலிருந்து என் இடுப்பு வாரைப் பிடித்து இழுக்கிறார்கள். வானம் சரிகிறது. முதுகு பலகையில் அடிக்கிறது. நான் நின்ற இடத்தின் மேலே, கிரேன் கயிற்றில் தொங்கும் கான்கிரீட் வாளி, ஒரு மாடு அளவு இருக்கும், காற்றில் சுழன்று வந்து கைப்பிடிக் குழாயில் மோதி அதை வளைத்துவிட்டுத் திரும்பிப் போகிறது. போகும்போது என் முகத்தில் கொஞ்சம் சேறு தெறிக்கிறது. குளிர்ச்சியாக இருக்கிறது.

என்மேல் பாதி விழுந்து கிடப்பது பெனிட்டா. எங்கள் சேஃப்டி ஆபீசர், உள்ளூர்ப் பெண், வேலைக்கு வந்து ஆறேழு மாதம் இருக்கும். கழுத்தில் விசில் தொங்குகிறது, அவள் உதட்டில் விசில் அழுத்தின தடம் இருக்கிறது, அப்படியானால் அவள் ஊதியிருக்கிறாள், எவ்வளவு நேரம் ஊதினாளோ. எழுந்து உட்கார்ந்து என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். அவள் முகம் என் முகத்துக்கு நேரே இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் உதட்டில் தெரிகிறது.

"காது கேக்கலையா சார் உங்களுக்கு?"

இது கேள்வியே இல்லை. திட்டு. இந்த ஊரில், எல்லா ஊரிலும், குறுக்கே வருகிறவனைப் பார்த்து எல்லோரும் சொல்வது. இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

"கேக்கலை."

அவள் கை என் தோளிலேயே நிற்கிறது. கோபம் முகத்தில் இருந்தபடியே மெல்ல வேறொன்றாக மாறுகிறது. பிறகு திரும்பிக் கிரேனை நிறுத்தச் சொல்லிக் கையைக் குறுக்கே காட்டுகிறாள், இசக்கிராஜைக் கூப்பிட்டு ஏதோ சொல்கிறாள், காற்று அடங்கும்வரை கான்கிரீட்டை லிஃப்டில் ஏற்றச் சொல்கிறாள் போலிருக்கிறது, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அச்சு நிற்கவில்லை. பலகைக்கடியில் ஜாக்கிகள் ஒருமுறை மூச்சு வாங்கி ஏறுகின்றன, என் முதுகுக்குத் தெரிகிறது. நான் இல்லாமலே ஏறுகின்றன.

லிஃப்டில் இறங்கும்போது அவள் எனக்கு எதிரே நின்று, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படித் திரும்பிக்கொள்கிறாள். அது தற்செயல் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கிறது.

"எங்கப்பா சங்கு குளிக்கப் போனவர் சார். ஆழத்துல ரெண்டு காதும் போயிட்டு. எங்க வீட்டுல எல்லாரும் மூஞ்சியப் பாத்துத்தான் பேசுவோம்."

"என் மேல சந்தேகம் இருந்துச்சாம்மா?"

"இல்ல சார். நீங்க பெரிய ஆளு, கூப்பிட்டாத் திரும்ப மாட்டீங்கன்னு நெனச்சேன்." விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, "நான் இத எழுதித்தான் ஆகணும் சார். இனி உங்கள மேல ஏற விட முடியாது."

"எழுதுங்கம்மா. எழுதாட்டிதான் தப்பு."

அவ்வளவுதான். எத்தனையோ குதிர்கள், எத்தனையோ துறைமுகம், ஒரு கம்பிக் கூண்டில் கீழே இறங்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உள்ளே ஒரே ஒரு சொல்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது, கட்டி, கட்டி. அந்த வாளி என்னை அடித்திருந்தால் மங்கைக்கு யார் சொல்லியிருப்பார்கள், எந்த வாயால், அவள் எப்படிக் கேட்டிருப்பாள். அவள் கேட்டிருப்பாள். அவளுக்குக் கேட்கும்.

கீழே முதல் குதிரின் நிழலில் காற்று வராத ஒரு மூலை உண்டு. தரையெல்லாம் சோளத்தவிடும் புறா எச்சமும். அங்கே நின்று, போனை எடுத்து, அவள் எண்ணைத் தொட்டு, பெனிட்டாவிடம் நீட்டுகிறேன். "என் வீட்டுக்காரம்மா. நேத்து ஏதோ கேட்டாங்க. காதுல விழாமலே சரின்னு சொல்லிட்டேன். என்ன கேட்டாங்கன்னு கேட்டு எனக்குச் சொல்லணும்." சொல்லும்போது வெட்கத்தில் உடம்பு கூசுகிறது. நேற்றுவரை இந்தப் பெண்ணிடம் நான் ஹெல்மெட், பெல்ட் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அவள் கையுறையைக் கழற்றுகிறாள். பிறகு வாங்கிக் காதில் வைத்துக்கொள்கிறாள், முகத்தை மட்டும் என் பக்கமே வைத்துக்கொள்கிறாள்.

"அம்மா, நான் பெனிட்டா. சாரோட சைட்ல வேல பாக்கேன். பயப்படாதீங்க, சார் நல்லா இருக்காங்க, என் முன்னாலதான் நிக்காங்க." என்னைப் பார்த்து, "பேசுங்க சார், அவங்களுக்குக் கேக்கும்."

நான் போனை நோக்கிக் குனிகிறேன். "மங்கை. எனக்குக் காது கேக்கலை. ரொம்ப நாளாச்சு. உங்கிட்டச் சொல்லலை. நேத்து நீ சொன்னது ஒண்ணுமே எனக்கு விழலை." பிறகு தாங்க முடியாமல், "கட்டியா? உடம்புல எங்கயாவது கட்டியா?"

பெனிட்டா கேட்கிறாள். கேட்கும் முகத்தைப் பார்ப்பது குரலைக் கேட்பதைவிடக் கொடுமை. புருவம் சுருங்குகிறது, விரிகிறது.

"'என்ன கட்டி?'ங்காங்க. கட்டியெல்லாம் ஒண்ணுமில்லயாம் சார். உடம்பு நல்லா இருக்காம்."

பக்கத்தில் கிடந்த கான்கிரீட் கட்டையில் உட்கார்ந்துவிடுகிறேன். அவள் எனக்கு முன்னால் முழங்காலிட்டு, முகத்தை என் உயரத்துக்குக் கொண்டுவருகிறாள். கட்டி இல்லை, கட்டி இல்லை, மங்கைக்கு ஒன்றும் இல்லை, மற்றது எதுவானாலும் வரட்டும்.

"இருந்துக்கட்டுமான்னு கேட்டாங்களாம் சார்." பெனிட்டாவின் உதடு மெதுவாகப் போகிறது, இப்போது அவள் மங்கை சொல்வதை மங்கையாகவே சொல்கிறாள். "இந்த வீட்டுல தனியா இருக்க முடியல. கோயம்புத்தூர்ல சுகந்தா இருக்கிற எடத்துல பக்கத்து ரூம் காலியா இருக்காம். நான் அங்க போய் இருந்துக்கட்டுமா."

சுகந்தா, மங்கை ஓய்வு பெறும்வரை எக்ஸ்சேஞ்சில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. கணவர் போன பிறகு, வயதானவர்கள் சேர்ந்து இருக்கிற ஒரு குடியிருப்பில் இருக்கிறாள். இருந்துக்கட்டுமா. அந்த 'ட்' அங்கேதான் இருந்திருக்கிறது. நான் அதை அவள் மார்பில் தேடிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் சொல்லுதாங்க. நீங்க சரி செஞ்சிடுன்னு சொன்னதுக்கு அப்புறமும் லைன்லயே இருந்தாங்களாம். வேண்டாம், நான் வந்துடறேன்னு சொல்லுவீங்களோன்னு." பெனிட்டா கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள், உடனே ஞாபகம் வந்தவளாக மறுபடி நிமிர்கிறாள், நிமிராவிட்டால் எனக்குத் தெரியாதே. "நீங்க ஒண்ணும் சொல்லல. அதனால வச்சிட்டாங்க."

"வேற?"

"கேக்காமச் சொன்னீங்கன்னா போகட்டும். இப்பக் கேட்டாச்சுல்ல, இப்பச் சொல்லுங்கங்காங்க."

வேண்டாம் என்று வாய் வரைக்கும் வருகிறது. வேண்டாம் மங்கை, நான் வந்துவிடுகிறேன், இனி எனக்கு வேலை இல்லை, மேலே ஏற முடியாது, உன்னோடுதான் இருப்பேன். அதைச் சொல்லலாம். உண்மையும்கூட. ஆனால் என்ன கொண்டுவருவேன் அவளுக்கு. அவள் பேசப் பேச அவள் உதட்டை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்பாத ஒரு முதுகு. நேற்று அவள் கேட்டபோது நான் இருந்திருந்தால் அது வேறு. இன்று வேலை போனபிறகு வருகிறேன் என்றால் அது வேறு. அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாமலா போகும்.

"நாளைக்கே கிளம்பி வர்றேன்னு சொல்லுங்க. எதிர்ல உக்காந்து பேசணும்."

அவள் சொல்லத் தேவையில்லை, என் குரல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெனிட்டா கேட்டுக்கொண்டிருக்கிறாள். "வாங்கங்காங்க" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் பாதியில் நிற்கிறாள். உதட்டை உள்ளே மடித்துக்கொள்கிறாள்.

"முழுசாச் சொல்லுங்கம்மா. பாதி வேண்டாம். பாதி பாதியாக் கேட்டுத்தான் இப்படி நிக்கிறேன்."

"வாங்க. ஆனா நான் மனச மாத்திக்குவேன்னு நெனச்சு வராதீங்க. வெள்ளிக்கிழம போறதா சுகந்தாட்ட சொல்லிட்டேன். எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்." பிறகு அதே சீராக, "உங்க மேல கோவம் இல்ல. அழுதுட்டு இருக்கேன், ஆனா கோவம் இல்ல."

அழுகிறாளாம். மூன்றாவது குதிரின் உச்சியில் வைப்ரேட்டர் ஓடும் அதிர்வு தரை வழியாக நான் உட்கார்ந்திருக்கும் கட்டை வரைக்கும் வருகிறது, அவள் அழுவது வரவில்லை. திருச்சியில் எந்த இடத்தில் நின்று பேசுகிறாள். கூடத்திலா, ஜன்னலோரமா. எந்தப் புடவை. எனக்கு எதுவும் தெரியாது. இந்த ஒரு வருஷமாக அவள் என்னிடம் என்னென்னவோ சொல்லியிருப்பாள், சுகந்தாவைப் பற்றி, அந்த இடத்தைப் பற்றி, போய்ப் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றி, எல்லாவற்றுக்கும் நான் ம் சொல்லியிருப்பேன். அவள் எங்கே போகப்போகிறாள் என்பதுகூட எனக்குத் தெரியாமல்தான் அவளைப் போகாதே என்று சொல்லப் பார்த்தேன். பெனிட்டா காத்திருக்கிறாள். அவளுக்கு மேலே வேலை இருக்கிறது, வளைந்த குழாயை மாற்ற வேண்டும், ஆட்களை எண்ண வேண்டும். ஆனால் அவள் அவசரப்படவில்லை. முழங்காலில் சோளத்தவிடு ஒட்டியிருக்கிறது.

"என்ன சொல்லட்டும் சார்?"

"அந்த ரூம் எப்படி இருக்கும்னு கேளுங்கம்மா."

அவள் புரியாமல் என்னைப் பார்க்கிறாள். பிறகு கேட்கிறாள். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை, அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை, மங்கை போனை வைத்துவிட்டாளோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன். பெனிட்டா கையை உயர்த்தி என்னை உட்காரச் சொல்கிறாள். தலையை மெல்ல ஆட்டத் தொடங்குகிறாள்.

"ரூம் சின்னதுதானாம் சார். கிழக்க பாத்த ஜன்னலாம். காலையில வெயிலு கட்டில் வரைக்கும் வருமாம்."

"ம்" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு கேட்கிறேன்.

"அப்புறம்?"